கல்லுக்கு இந்தாண்ட ஒரு கொட்டகை

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பேச்சு, தீப்பெட்டி அளவு மாட்டுக் கொட்டகை ஒன்றால் அந்தரத்தில் நிற்கிறது என்ற செய்தி எனக்கு முதலில் காஞ்சிபுரத்தில், சவரம் செய்துகொள்ளும்போது வந்தது. கழுத்தில் கத்தி இருக்கும்போது காதில் விழுகிற எதையும் நான் மறுத்துப் பேசுவதில்லை. "அப்படியா" என்றேன்.

அதே செய்தியை வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் கேட்டபோது கொட்டகை தங்கமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கத்தில் கொட்டகை செய்து போடச் சொன்னார்களாம். பெண்ணைப் பெற்றவர் வெள்ளியில் வேண்டுமானால் போடுகிறேன் என்றாராம். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் இரண்டையும் தள்ளிவிட்டார். பெண்ணின் அப்பா வீட்டுக்குள்ளேயே ரயில் ஓட்டுகிறார், பெண் பார்க்க வந்தவர்கள் புகை தாங்காமல் எழுந்து போய்விட்டார்கள், இதுதான் நடந்தது என்றார். அவர் பாலில் எப்போதும் பாதிதான் தண்ணீர். அதனால் பேச்சையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

வதந்தியைச் சரிபார்ப்பது என் தொழிலுக்கு விரோதம். சரிபார்த்துவிட்டால் பாதியை எழுத முடியாது. ஆனாலும் எண்பத்தொன்றாம் வருஷம், கடலை பிடுங்கி ஓய்ந்த ஒரு நாளில், உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வாரப் பத்திரிகைக்குப் பத்தி கொடுக்க வேண்டும். கிண்டல் செய்ய வேறு ஆள் அகப்படவில்லை.

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. தேர்தலுக்கு முன் வந்து, ஓட்டு எண்ணுகிற அன்று புறப்பட்டுப் போய்விடுகிற ரயில் ஒன்று உண்டு. அதில் இதுவரை யாரும் ஏறியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இறங்கி, டீக்கடையில், "வேதகிரி என்பவர் வீடு எது?" என்று கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கா? ஏரிக்கரையோட போங்க. ஓட்டு வூடு, பக்கத்துல கடலை கொட்ற கொட்டா. பிளாட்பாரம் டிக்கெட்டு வாங்கிக்கினு போங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் அதைக் குறித்துக்கொண்டேன். பத்தியின் முதல் வரி கிடைத்துவிட்டது.

வீட்டு வாசலில் கடலைக்காய் புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேதகிரியின் மனைவி சிட்டம்மாள்.

"எந்த டிபார்ட்மெண்ட்டு சார்?"

"டிபார்ட்மெண்ட் எதுவும் இல்லைங்க. பத்திரிகை."

"அப்ப உள்ள போங்க. கவர்மெண்டா இருந்தா வூட்ல இல்லன்னு சொல்லச் சொல்லிக்கீறாரு."

கடலைக் கொட்டகையின் கதவைத் தள்ளினேன். நல்ல நீளமான கொட்டகை. சுவர் ஓரமாக மூன்று பக்கமும் இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்திருந்தது. கையில் நோட்டுப் புத்தகத்தோடும், முகத்தில் தயாராக வைத்திருந்த சிரிப்போடும் பலகையை நோக்கிக் குனிந்தேன்.

அந்தச் சிரிப்பை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கீழே செங்கல்பட்டு கிடந்தது. செங்கல்பட்டு மாதிரி ஒன்று அல்ல. நான் நூறு தடவை இறங்கி ஏறிய செங்கல்பட்டு. அங்கிருந்து சின்ன லைன் பிரிந்து வளைந்து, வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம் என்று சுவரோடு ஊர்ந்து, எதிர்ச் சுவர் மூலையில் வாலாஜாபாத் கூட்ஸ் ஷெட்டில் போய் முட்டி நின்றது. பாலூர் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு, அதில் ஒரு பலகை இல்லை. நிஜப் பெஞ்சிலும் இல்லை. நான் அதில் உட்கார்ந்து வேட்டி கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறைச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளுக்குப் பின் மட்கார்டு கிடையாது. கேங்மேன் குடிசைக்குப் பின்னால் கொடியில் அரிசி மணி அகலத்துக்கு ஒரு சிவப்பு ரவிக்கை காய்ந்தது. லைனுக்குத் தெற்கே பாலாறு. பாலாற்று மணலையே எடுத்து மஸ்லின் துணியில் சலித்துக் கொட்டிய பாலாறு. தண்ணீர் இல்லை. அதிலும் தப்பில்லை.

தந்திக் கம்பங்களுக்கு நடுவே ஏதோ மின்னியது. கண்ணை மிக அருகில் கொண்டுபோனேன்.

"கிட்ட மூச்சு விடாதீங்க சார். சரிகை. பறந்துரும்" என்று ஒரு குரல் வந்தது.

பலகைக்கு அடியிலிருந்து வெளியே வந்தவர் வேதகிரி. ஐம்பது வயது இருக்கும். முழங்கைவரை மண் நிறம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரலில் ஒரு தண்டவாளமே படுத்துத் தூங்கலாம். இரண்டு வேலிகாத்தான் முள்ளை நூலால் கட்டிச் செய்த இடுக்கி ஒன்று காதோரம் செருகியிருந்தது, மற்றவர்கள் பீடி செருகுகிற இடத்தில்.

இவர் ரயில்வேயில் ஒரு நாள் கூட வேலை பார்த்ததில்லை. ஏரிப் பாய்ச்சலில் நெல்லும் மேட்டில் கடலையும் போடுகிற குடித்தனக்காரர். எழுபதுகளின் ஆரம்பத்தில், கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் கூட்ஸ் ஷெட்டுக்குப் போவாராம். வேகன் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேகன் எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்பார்கள். மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள். வேதகிரி பார்த்தார். வண்டியைத் தடம் மாற்றிவிடுகிற பாயின்ட்டு எப்படி நகர்கிறது, கைகாட்டி மரத்தின் கம்பி எங்கே தரையில் இறங்கி எங்கே ஏறுகிறது, என்ஜின் தண்ணீர் குடித்த பிறகு எந்தப் பக்கம் சொட்டுகிறது. கடலையெல்லாம் லாரியில் போக ஆரம்பித்த பிறகும் அவர் பார்ப்பதை நிறுத்தவில்லை. மாட்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு லைனோடு நடந்து அளந்தார். கேங்மேன்கள் முதலில் துரத்தினார்கள். பிறகு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தண்டவாளம், சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி. அதைத் தாங்குகிற கட்டைகள், பட்டுத்தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற பண்ணையிலிருந்து உருவிய மூங்கில் பற்கள்; ஐயங்கார்குளத்து நெசவாளர் ஒருவர் உடைந்ததையெல்லாம் இவருக்கென்று சேர்த்து வைப்பார். தந்திக் கம்பி, கிழிந்த புடவையின் சரிகை. பழையசீவரம் மலை, கல்குவாரியில் பொறுக்கிய ஒரே கருங்கல் சில்லு. ஜல்லிக்கு மட்டும் ஏமாந்துவிட்டார். எதைப் போட்டாலும் அளவு பொருந்தாமல், கடைசியில் நொய்யரிசியில் சாயம் ஏற்றிப் போட்டார். அளவு அச்சு அசலாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் வில்லியம்பாக்கம் முழுக்க எறும்பு. பாலூர் பிளாட்பாரத்துக்கு அடியில் ஒரு எலிக் குடும்பம் குடிவந்தது.

"அரிசியில ரோடு போட்ட ஆளு எங்கனா உண்டா சார்?" என்றார், டீ கொண்டுவந்த சிட்டம்மாள். "ரேஷன் கார்டுல ரயிலுக்கும் பேரு சேத்துரலாம்னு இருந்தேன்."

அந்த அம்மாளுக்கு இந்த லைனில் ஒரு முக்கியப் பங்கு உண்டு. லைனைக் காஞ்சிபுரம் வரை கொண்டுபோக வேதகிரிக்கு ஆசை. ஆனால் வாலாஜாபாத் மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிட்டம்மாளின் அடுப்பு. "காஞ்சிபுரம் வந்தா என் அடுப்பு மேலதான் வரணும். வாலாஜாபாத்தோட நிக்கட்டும் உங்க வண்டி" என்று சொல்லிவிட்டார். லைன் நின்றது. மலையைக் குடைந்து போன ரயில்வேக்காரன் எவனுக்கும் இப்படி ஒரு தடை வந்திருக்காது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வீடு, மரம், வண்டி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்கியிருக்கிறார். தூரத்தையும் அதே கணக்கில் சுருக்கினால் லைன் கொட்டகையைத் தாண்டி, ஏரியைத் தாண்டி எங்கேயோ போய்விடுமே?

"போவும்" என்றார். "அதான் மடிச்சிட்டேன்."

"எதை?"

"பொட்டலை. வேட்டி மடிக்கிறாப்பலதான் சார். மனுசாள் கீற எடத்துல கை வெக்கல. யாரும் இல்லாத எடமாப் பாத்து மடிச்சி உள்ள தள்ளிட்டேன். மடிப்பு எங்க கீதுன்னு சொல்லுங்க பாப்பம்."

தேடினேன். அந்த லைனில் ஜன்னல் ஓரமாகவே போய்ப் பழகியவன் நான். ஒரு பனங்கூட்டம் வரும், ஒரு வரப்பு வளையும், அவ்வளவுதான். மைல் கணக்கான காடு எங்கே போனதென்று தெரியாது. ஆனால் ஒரு கிணற்றைக் கூட, ஒரு குடிசையைக் கூட விட்டிருக்கவில்லை. குனிந்து குனிந்து முதுகு வலித்தது. நோட்டுப் புத்தகத்தை எப்போது பையில் போட்டேன் என்று கவனிக்கவில்லை.

"அப்ப அந்த மாட்டுக் கொட்டகை..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

வேதகிரி பலகைக்கு அடியில் போய்விட்டார். அந்தப் பேச்சு வந்தால் அங்கேதான் போவாராம். மீதியைச் சிட்டம்மாள் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே பெண், பவளம். இருபத்திரண்டு முடிந்துவிட்டது. வந்த இரண்டு இடமும், "ரயில் பைத்தியம் வூடு" என்று நழுவிப்போனது. மூன்றாவதாக வரதன் என்கிற தரகர் ஒரு நல்ல இடம் கொண்டுவந்தார். பாலூருக்கும் பழையசீவரத்துக்கும் நடுவே, லைன் ஓரம் ஒரு சின்ன ஊர். அங்கே வீராசாமி என்கிற விவசாயி. அவர் மகன் முத்துவேல், டிராக்டர் ஓட்டுகிறான். நகை நட்டு என்று எதுவும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தார்கள். கேசரி தின்றார்கள். பிறகு வீராசாமி, "ரயிலு ரயிலுன்றாங்களே, அத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

காட்டினார்கள். வீராசாமி பாலூரைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"யோவ், இது என் வூடுய்யா. கெணறு கீது பாரு. எங்க ஆத்தா வெச்ச முருங்க மரம். அது சாஞ்சிக்கீறது கூட அப்டியே கீது. டேய் முத்துவேலு, இங்க வாடா. உன் லுங்கி காயுதுடா கொடியில."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் நின்ற பவளமும் சிரித்துவிட்டாள். முத்துவேல் லுங்கியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். அந்த இடத்திலேயே கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

வீராசாமியின் விரல் மட்டும் சந்தோஷத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வைக்கோல் போருக்கு, வைக்கோல் போரிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து பக்கத்தில் நட்டிருந்த, எள்ளளவு வெள்ளைக் கல்லுக்கு. அங்கே நின்றது.

"இது இன்னா?"

"ரயில்வே எல்லைக் கல்லு" என்றார் வேதகிரி.

"கொட்டகை எந்தாண்ட கீது?"

"இந்தாண்ட. லைன் பக்கம்."

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் எல்லைக் கல் என்பது மாடு முதுகு சொறிந்துகொள்வதற்காக அரசாங்கம் நட்டுவைத்த வசதி. ஏரிக் கரையானாலும், கோயில் நிலமானாலும், ரயில்வே இடமானாலும், கொட்டகை வருஷத்துக்கு ஒரு முழம் நடந்து போகும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, சொன்னால் அவரவர் கொட்டகையும் நடந்த கதை வெளியே வரும். இது ஆயிரம் வருஷத்து மரியாதை. வேதகிரி இந்த மரியாதையை உடைக்க நினைக்கவே இல்லை. அளந்தார், வைத்தார். அவருக்கு அது முறையா தப்பா என்ற கேள்வியே எழவில்லை. பிளாட்பாரப் பெஞ்சில் பலகை இல்லாதது போல, கொட்டகை கல்லுக்கு இந்தாண்ட இருந்தது.

"இத்த ஒரு வெரல் அந்தாண்ட தள்ளி வெய்யி சம்மந்தி. பொம்மதான."

"பொம்மன்னா உங்களுக்கு எதுக்குங்க பயம்?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். வீராசாமியின் பயத்தில் நியாயமும் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் தொப்பி போட்ட ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்து, வாயைப் பிளந்து, மேலதிகாரியை அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். அதிகாரி வந்து குனிந்தால் முதலில் தெரிவது அந்தக் கொட்டகைதான். நிஜ லைனில் வேகமாகப் போகிற வண்டியிலிருந்து யாரும் கவனிக்காத ஒன்றை, வேதகிரி வெளிச்சம் போட்டு இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறார்.

"கொட்டகை நகந்தா சொல்லி அனுப்பு, தேதி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீராசாமி எழுந்து போனார். அதிலிருந்து பேச்சு அப்படியே நின்றது.

சிட்டம்மாள் இதைச் சொல்லி முடிக்கவும் தரகர் வரதன் குடையோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மனுஷன் உட்காரக்கூட இல்லை.

"வேதகிரிண்ணே, வெளிய வா. அவுங்க வெள்ளிக்கிழமை புள்ளலூர்ல வேற பொண்ணப் பாக்கப் போறாங்க. பையனுக்கு மனசில்ல, ஆனா அப்பன் ஒத்தக் கால்ல நிக்கறான். இன்னிக்கு ஒரு வார்த்த சொல்லு. நவுத்துறியா, இல்லியா?"

வேதகிரி பலகைக்கு அடியிலிருந்து வந்து நின்றார். சிட்டம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் உங்களக் காஞ்சிபுரம் விடல, ஒத்துக்கறேன்" என்றார். "அதுக்கு என் பொண்ணு இன்னா பண்ணா? ஒரு கொட்டகைங்க. எறும்பு தின்னப்ப வில்லியம்பாக்கத்தயே வாரிக் கொட்னீங்க."

வேதகிரி காதிலிருந்து முள் இடுக்கியை எடுத்தார். கொட்டகையைச் சுற்றி மண்ணைத் தளர்த்தினார். அது எழும்பி வந்தது. கீழே, அது இருந்த இடத்தில், மண் வெளிறிச் சதுரமாகக் கிடந்தது. கல்லுக்கு அந்தாண்ட, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் அழுத்தினார். நகர்ந்தது இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தப் பலகையில் முதல் தடவையாக என் கண்ணுக்கு ஒரு மடிப்புத் தெரிந்தது.

வரதன் நிம்மதியாக உட்கார்ந்தார். "அவ்ளதான். இதுக்கு இவ்ள பேஜாரா?"

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. வாலாஜாபாத்திலிருந்து வருகிற பஸ் ஏரிக்கரையில் ஒரு நொடி மெதுவாகப் போக, கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "மாமா, இன்னிக்கு வண்டி பாலூர்ல நின்னுக்கினு இருந்துச்சாம். எதிர் வண்டி லேட்டு."

இது தினசரி ஏற்பாடு. நிஜ வண்டி எவ்வளவு தாமதமோ அவ்வளவு தாமதமாகத்தான் வேதகிரியின் வண்டியும் போகும். சரியான நேரத்துக்கு ஓட்டலாமே என்று கேட்டதற்கு, "அப்ப அது வேற லைன் சார்" என்றார்.

பவளம் உள்ளே வந்தாள். அப்பாவின் உயரம், அம்மாவின் கண். யாரையும் பார்க்காமல் வாலாஜாபாத் மூலைக்குப் போய், நெசவாளர் வீட்டில் தறிக்கு நூல் சுற்றுகிற ராட்டை ஒன்றின் முன் உட்கார்ந்தாள். தண்டவாளத்துக்கு நடுவே ஓடுகிற பட்டு இழைதான் வண்டியை இழுக்கிறது. கரண்டும் இல்லை, புகையும் இல்லை. பால்காரர் சொன்னதில் பாதிதான் சரி.

ராட்டை சுழன்றது. செங்கல்பட்டில் கறுப்பாக ஒன்று அசைந்தது.

இதை எப்படிச் சொல்வது? வண்டி ஓடியது என்றால் போதாது. புறப்பட்டது. நிஜ வண்டி புறப்படும்போது முதலில் ஒரு தயக்கம் இருக்குமே, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மனசு மாற்றிக்கொள்வது போல, அது அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருந்தது. வளைவில் மூச்சு வாங்கியது. வில்லியம்பாக்கத்தில் நின்று, ஏறுகிறவர்கள் ஏறட்டும் என்று காத்திருந்தது. ஏறுகிறவர்களை நான் ஏறக்குறையப் பார்த்தேன். பாலூரில் நின்றது, கண்டக்டர் சொன்னபடி நின்றுகொண்டே இருந்தது. வராத எதிர் வண்டிக்காகப் பெரிய மனுஷர்கள் நாலு பேர் ஒரு கடலைக் கொட்டகையில் காத்திருந்தோம். வரதன் கழுத்தை நீட்டி, எதிர்ப்பக்கம் வண்டி வருகிறதா என்றே பார்த்தார்.

பிறகு கைகாட்டி இறங்கியது. வண்டி பாலூரை விட்டது. முருங்கை மரம், கிணறு, கொடியில் லுங்கி. அங்கே நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு நிறுத்தின?" என்றார் வேதகிரி.

"லைன் சரியில்ல நைனா."

"சரியாத்தான் கீது. சுத்து."

"கொட்டகை எடம் மாறிக்கீது."

"உன் கல்யாணத்துக்குத்தாண்டி மாத்திக்கீறாரு" என்றார் சிட்டம்மாள்.

"தெரியும்மா. அந்தக் கொட்டகையில நாளைக்கு சாணி வாரப் போறது யாரு? நான்தான? அது எங்க கீதோ அங்க இருந்தாத்தான கூடையத் தூக்கிக்கினு போவ முடியும். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னா நான் எந்தக் கொட்டகைக்குப் போறது?"

வரதன் சிரிக்க ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார். பவளம் எழுந்து வந்தாள். இடுக்கி எடுக்கவில்லை. இரண்டு விரலால் கொட்டகையைத் தூக்கி, வெளிறிய சதுரத்தின்மேல் ஓரத்துக்கு ஓரம் பொருத்தி வைத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்து ராட்டையைச் சுற்றினாள். வண்டி கொட்டகையைத் தாண்டிப் பழையசீவரத்துக்குப் போனது.  வேதகிரி, வண்டி பார்வையிலிருந்து மறையாதபடி, அதன் கூடவே பலகையோரம் நடந்துபோனார்.

"இத்த அங்க போயி நான் இன்னான்னு சொல்றது?" என்றார் வரதன்.

"பாத்தத சொல்லுங்க மாமா" என்றாள் பவளம்.

பஸ் திரும்பும்போது வரதனும் நானும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். மனுஷன் வழி முழுக்கப் பேசவில்லை. தரகர் ஒருவர் பேசாமல் வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த வாரம் என் பத்தியில் கொசுவைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை போய், அதற்கடுத்த வாரமும் போயிற்று. வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் புதிய வதந்தி: ரயில்வேக்காரர்கள் வந்து வீராசாமியின் கொட்டகையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். எனக்கு இந்தத் தடவை பொறுக்கவில்லை. செங்கல்பட்டு போய், சாயங்காலப் பாசஞ்சரில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

வண்டி தயங்கிப் புறப்பட்டது. வளைவில் மூச்சு வாங்கியது. கேங்மேன் குடிசையின் பின்னால் கொடி. ரவிக்கை இல்லை, ஆனால் இடம் அதேதான். பாலூரில் பலகை இல்லாத பெஞ்சு. தந்திக் கம்பிகள் சாய்வெயிலில் மின்னின. என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். பாலூரை விட்டு வண்டி கிளம்பியபோது ஒரு காரியம் செய்தேன், யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஆகாயத்தைப் பார்த்தேன். அங்கே வேதகிரியின் முகம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

முருங்கை மரம் வந்தது. கிணறு வந்தது. வெள்ளைக் கல் வந்தது. கல்லுக்கு இந்தாண்ட வரிசையாகக் குழிகள், புது மண் நிறத்தில். அந்தாண்ட, வைக்கோல் போருக்குப் பக்கத்தில், கொட்டகை.

பழையசீவரத்தில் இறங்கி நடந்தே போய் விசாரித்தேன். ரயில்வேக்காரன் எவனும் வரவில்லை. வரதன் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த முத்துவேல், அப்பன் திருக்கழுக்குன்றத்துக்குப் போன அன்று, சிநேகிதனைச் சேர்த்துக்கொண்டு, கம்பத்தையெல்லாம் பிடுங்கி, எல்லைக்கு வெளியே நட்டு, கூரையும் போட்டுவிட்டான். வீராசாமி திரும்பி வந்து இரண்டு நாள் சத்தம் போட்டார். அவர் சம்சாரம், "இன்னும் வூட்டுக்குள்ள கால் வெக்கல, அதுக்குள்ள கொட்டகைய நவுத்திட்டாபா மருமவ" என்று சொல்லிக்கொண்டே சாணி தெளித்தார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு முழமாக முன்னால் போன கொட்டகை பின்னால் வந்ததை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பதால், பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேதகிரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் உடனே தன் கொட்டகையை நகர்த்திவிடவில்லை. முடிச்சுக் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரில் போனார். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடிக்க, சம்பந்தி முறைத்துக்கொண்டு நிற்க, கல்லிலிருந்து அளந்தார். வீட்டுக்கு வந்துதான் முள் இடுக்கியை எடுத்தார். வெளிறிய சதுரத்தில் குழிகளும் போட்டார். மழை பெய்து நிஜக் குழிகள் தூர்ந்த பிறகுதான் அவற்றை மூடினார். தை மாதம் கல்யாணம். நான் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன் பாதிக் கூட்டம் கடலைக் கொட்டகையில்தான் இருந்தது. பவளம் போன பிறகு ராட்டையைச் சிட்டம்மாள் சுற்றுகிறார். வண்டி முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகப் போவதாக வேதகிரிக்கு ஒரு குறை. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வருவதால் இருக்கலாம்.

அந்த மேலதிகாரி கடைசிவரை வரவில்லை.

ஒரு பாக்கி மட்டும் நிற்கிறது. கொட்டகை மாறிய கையோடு வீராசாமி இன்னொரு எருமை வாங்கினார். வலது கொம்பு கீழே தொங்குகிற எருமை. வேதகிரியின் பலகைமேல் இருக்கிற கொட்டகையில் இன்னும் பழைய இரண்டு எருமைதான் நிற்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வேதகிரி சீர்வரிசையோடு போய் இறங்கும்போது, தெருவே கேட்கும்படி வீராசாமி சொல்வார்: "சம்மந்தி, எருமை ஒண்ணு பாக்கி கீது." புதிதாகக் கேட்கிறவர்கள், கல்யாணத்தில் பேசின எருமையை இந்த ஆள் இன்னும் கொடுக்கவில்லையே என்று வேதகிரியை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

"பாக்காம எப்டி செய்யறது?" என்பார் வேதகிரி. அவர் போகிற நேரமெல்லாம் அது ஏரியில் ஊறிக்கொண்டிருக்கும். கரையில் நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். போன வருஷம் அவர் பலகையில் அந்த ஏரியின் நடுவே, கடுகில் பாதியாக, கறுப்பாக ஒன்றை ஒட்டிவைத்து, சம்பந்தியை அழைத்துவந்து காட்டினார்.

வீராசாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மூக்கு சரியாத்தான் கீது" என்றார். "ஆனா மூக்கக் குடுத்து எருமையத் தீக்க முடியாது சம்மந்தி."

இது எண்பத்தாறாம் வருஷப் பொங்கல் நிலவரம்.